ஒரே மாதிரி இருந்தால் ஒரே இனமா?

கொடுக்கில்லாத் தேனீ என்றதும் சுவர் ஓட்டையில் மெழுகுக் குழாயை நீட்டிக்கொண்டு குடியிருக்கும் அந்தச் சின்னக் கறுப்புப் பூச்சி, நம் கொசுத்தேனீதான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தக் கூட்டத்தில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. 2 மில்லிமீட்டரில் ஒன்று, சாதாரணத் தேனீயைவிடப் பருமனாக இன்னொன்று.

சரி, ஒரே இனத்துக்குள்? தலையின் அகலம், முன்னிறக்கையின் நீளம், இறக்கை நரம்புகள் சந்திக்கும் புள்ளிகள் என்று அளந்துதான் ஆராய்ச்சி தொடங்குகிறது. இதில் ஒரு சிக்கல். முட்டையிடும்போதே வேலைக்காரிகள், அதாவது கூட்டு வேலை செய்யும் பெண் தேனீக்கள், அறைக்குள் மொத்த உணவையும் வைத்து மூடிவிடுவார்கள், புழுவுக்கு அப்புறம் யாரும் ஊட்டுவதில்லை. அதனால் வறுமைப்பட்ட கூட்டில் பிறந்த வேலைக்காரி சிறுத்துத்தான் இருப்பாள், மரபணு எதுவானாலும். அளவு வித்தியாசத்தை மட்டும் வைத்துப் புது வகை என்று அறிவிப்பது எனக்கு ஒப்புவதில்லை.

தலைகீழாகவும் ஏமாறலாம். ஆஸ்திரேலியாவில் டெட்ரகோனுலா கார்பனேரியா, ஹாக்கிங்ஸி என்று இரண்டு இனங்கள். வேலைக்காரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் பிரிப்பது கடினம், ஆனால் வளர்க்கும் கூட்டுப் பெட்டியைத் திறந்தால் முதலாவது முட்டையறைகளைச் சுருள் படிக்கட்டாக அடுக்கியிருக்கும், இரண்டாவது கொத்துக் கொத்தாக விட்டிருக்கும்.

மரபணுவைப் பார்த்தால்தான் கதை சூடுபிடிக்கிறது. கொடுக்கில்லாத் தேனீக்கள் கூடு பிரியும்போது ஒரே நாளில் பறந்து போய்விடுவதில்லை. தாய்க்கூட்டிலிருந்து மெழுகும் பிசினும் தேனும் சுமந்து சுமந்து புதுக்கூட்டைக் கட்டுகின்றன, ஆகவே மகள் கூடு தாயிடமிருந்து அதிக தூரம் போக முடியாது. தாய்வழியே மட்டும் கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. அதனால் இடத்துக்கு இடம் வேறாக நிற்பதைப் பல இனங்களில் காணலாம். ஆண்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, செல்லின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. அவர்களோடு இன்னும் கொஞ்சம் தூரம் போகும். ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு முடிவு சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கூடுகள் குறைந்தால் உறவுக்குள் கலப்பு, அப்போது பால் தீர்மானிக்கும் மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மாதிரி ஆகிவிட்டால் பெண்ணாக வேண்டிய முட்டை பயனற்ற ஆணாகிறது. இதனால்தான் குறைந்தது 44 கூடுகள் வேண்டும் என்று பிரேசிலின் மரபியல் அறிஞர் வார்விக் கெர் குழு கணக்குப் போட்டது. ஆனால் பிரேசிலில் இரண்டே கூடுகளிலிருந்து பெருக்கிய மெலிப்போனா ஸ்குடெல்லாரிஸ் என்ற கொடுக்கில்லாத் தேனீக் கூட்டம் பத்தாண்டுக்கு மேல் தாக்குப் பிடித்திருக்கிறது!

ஆக, என் கவலை எண்ணிக்கை இல்லை. பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய், இடத்துக்கு இடம் வேறாக நிற்பவற்றைக் கலந்துவிடுகிறோமே, அதுதான். வாங்கும் முன் அந்தக் கூடு எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று கேளுங்கள், பக்கத்திலேயே கிடைத்தால் அதையே எடுங்கள்.