ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு ஜானி வாக்கர்: காத்திருந்து கேட்க வைத்த வானொலி

[திரையில்: கடலில் நங்கூரமிட்ட கப்பலும் அதன் மேல் உயர்ந்து நிற்கும் ஒலிபரப்புக் கம்பமும்]

1970களில் வந்த ஆங்கிலப் பாடல்களில் பெரும்பாலானவை இன்றைக்குக் கைபேசியில் தேடிய நொடியில் கிடைத்துவிடுகின்றன. அப்படியிருந்தும், 2009 ஏப்ரல் தொடங்கி 2024 அக்டோபர் வரை, பிரிட்டனில் ஞாயிறு பிற்பகல் 3 மணி ஆனதும் பிபிசி ரேடியோ 2-ஐத் திருப்பி வைத்து, ‘சவுண்ட்ஸ் ஆஃப் த செவன்டீஸ்’ என்னும் இரண்டு மணி நேர நிகழ்ச்சியை அறிவிப்பாளர் ஜானி வாக்கரின் குரலில் கேட்பதற்கென்றே காத்திருந்த நேயர்கள் ஏராளம். (நம் கடிகாரத்தில் அது கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30.) பாட்டு கையிலேயே இருக்கும்போது அறிவிப்பாளர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, இந்த நிகழ்ச்சியைத்தான் நான் விடையாகக் காட்டுவேன்: அந்தப் பாடல்கள் புதிதாக வெளிவந்த காலத்தில் அவற்றுக்காக வாதாடியவரே, பல பத்தாண்டுகள் கழித்து அவற்றை மீண்டும் ஒலிக்கவிட்டார்.

வாக்கர் வானொலிக்கு வந்த வழியே விசித்திரமானது. 1960களில் பிபிசி பாப் இசைக்கு மிகக் குறைந்த நேரமே ஒதுக்கியதால், பிரிட்டிஷ் சட்டம் எட்டாத கடற்பரப்பில் கப்பலை நிறுத்தி, அங்கிருந்து உரிமமில்லாமல் பாட்டுப் போட்ட நிலையங்கள் தோன்றின. 1966இல் அத்தகைய கப்பல் ஒன்றில் ஏறிய இருபத்தொரு வயது வாக்கர், விரைவிலேயே ரேடியோ கரோலைனின் இரவுக் குரலானார். எசெக்ஸ் கடற்கரையில் உள்ள ஃபிரின்டன் ஊரில், இளைஞர்கள் கார்களைக் கடலைப் பார்த்தபடி வரிசையாக நிறுத்திக்கொள்வார்கள். வாக்கர் ஒலிவாங்கியில் ஒரு கேள்வி கேட்பார், அவர்கள் முகப்பு விளக்கைச் சிமிட்டி விடை சொல்வார்கள். தொலைபேசி வசதியில்லாத ஒரு கப்பலிலிருந்து நேயரோடு உரையாடுவதற்கு இதைவிட நல்ல உத்தி இருந்திருக்க முடியாது. 1967 ஆகஸ்டில் இந்நிலையங்களைத் தடைசெய்யும் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பலர் கரையேறிவிட, அவர் சக அறிவிப்பாளர் ராபி டேலுடன் கப்பலிலேயே தங்கித் தொடர்ந்து ஒலிபரப்பினார்.

[திரையில்: சுழலும் இசைத்தட்டு]

1969இல் பிபிசி ரேடியோ 1-இல் சேர்ந்த பிறகும் அந்தப் பிடிவாதம் போகவில்லை. லூ ரீட், ஸ்டீவ் ஹார்லி போன்ற பாடகர்களை அவர் முன்னிறுத்தினார். பே சிட்டி ரோலர்ஸ் குழுவின் பாடல்கள் பிடிக்கவில்லை என்பதை ஒளிக்கவும் இல்லை. இசைத்தேர்வில் நிர்வாகத்தோடு ஒத்துப்போக முடியாமல் 1976இல் வெளியேறி சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்றார். ஆகவே அவருடைய ஞாயிறு நிகழ்ச்சியில் ஒலித்த எழுபதுகள் வெறும் தரவரிசைப் பட்டியலாக இல்லாமல், ஒரு மனிதர் சண்டையிட்டுத் தேர்ந்தெடுத்த எழுபதுகளாக இருந்தன. பெரிய வெற்றிப் பாடலுக்கு அடுத்து, ஆல்பத்தின் உள்ளே மறைந்துகிடந்த பாடல் ஒன்று வரும். அதன் பின்னணியை அவர் அவசரமில்லாத, தாழ்ந்த குரலில், ஒரே ஒருவரிடம் பேசுவதைப் போலச் சொல்வார். சில வாரங்களில் அக்கால இசைக்கலைஞர்களே வந்து பேசுவார்கள். இன்றைய வானொலியில் அரிதாகிவிட்ட நிதானம் அது.

பிற்காலத்தில் நுரையீரல் தழும்பேறும் நோய் அவரைப் பீடித்ததால், டோர்செட்டில் உள்ள தம் வீட்டிலிருந்தே நிகழ்ச்சியை வழங்கினார். மூச்சுத் திணறல் நேயர்களின் காதிலும் விழுந்தது. அதை அவர் மறைக்கவில்லை. 2024 அக்டோபர் 27 அன்று, ஜூடி காலின்ஸ் பாடிய ‘அமேசிங் கிரேஸ்’ பாடலோடு, 58 ஆண்டு வானொலி வாழ்க்கையை முடித்துக்கொண்டார். அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று, 79ஆம் வயதில் காலமானார்.

நிகழ்ச்சியின் பொறுப்பு அடுத்து பாப் ஹாரிஸிடம் போனது. எழுபதுகளில் பிபிசி தொலைக்காட்சியில் ‘தி ஓல்ட் கிரே விசில் டெஸ்ட்’ இசைநிகழ்ச்சியை நடத்தியவர் அவர் என்பதால், இந்தத் தேர்வில் பிபிசி சரியாகவே முடிவெடுத்தது என்பேன்.