பெல்ட்டில் புது ஓட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

என்னிடம் வந்த ஒரு பெரியவர் சட்டையைத் தூக்கி பெல்ட்டைக் காட்டினார். கடைசி ஓட்டைக்கும் அப்பால் ஆணியால் குத்திய இரண்டு புது ஓட்டைகள். "ஒண்ணும் செய்யல டாக்டர், தானா இளைச்சிட்டேன். நல்லதுதானே?" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். எனக்கோ அந்த ஓட்டைகளைப் பார்த்ததும் திக்கென்றது.

எடை கூடினால் ஆயுள் குறையும் என்பதில் சந்தேகமே வேண்டாம். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, அதனால் எடையை வகுத்தால் வருவது பிஎம்ஐ. 57 ஆய்வுகளில் இருந்த ஏறத்தாழ 9 லட்சம் பேரின் கணக்கு 2009-ல் வெளியானது. பிஎம்ஐ 25-க்கு மேல் ஒவ்வொரு 5 புள்ளிக்கும் இறப்பு சுமார் 30 சதவீதம் ஏறியது. 40-ஐத் தாண்டியவர்கள் 8 முதல் 10 ஆண்டுகள் வரை இழந்தார்கள். காலமெல்லாம் புகைபிடிப்பவர் இழப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, சில புற்றுநோய்கள் என்று காரணங்கள் உங்களுக்குத் தெரிந்தவையே.

நான் பேச வந்தது மறுபக்கத்தைப் பற்றி. ஒல்லியானவர்களிடமும் இறப்பு ஏறுகிறது. 2013-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், பிஎம்ஐ 25-க்கும் 30-க்கும் இடைப்பட்டவர்களிடம் இறப்பு, 18.5-க்கும் 25-க்கும் இடைப்பட்ட 'சரியான எடை'காரர்களைவிட 6 சதவீதம் குறைவாகவே இருந்தது. கொஞ்சம் சதை இருந்தால் நல்லதோ என்று பலர் நினைத்தார்கள். சிக்கல் எங்கே என்றால், புகைபிடிப்பவர்கள் பொதுவாக மெலிந்திருப்பார்கள். உள்ளே வளரும் நோயும், பெயர் தெரிவதற்கு முன்பே உடம்பைக் கரைக்கும். அப்படிக் கரைந்தவர் தராசில் ஏறினால் 'சரியான எடை' வரிசையில்தான் போய் நிற்பார். பிறகு அவர் இறந்தால், பழி அந்த எடை மேல் விழும்.

2016-ல் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்தார்கள். புகைபிடித்தவர்களையும் நாள்பட்ட நோயாளிகளையும் விலக்கினார்கள், முதல் 5 ஆண்டு இறப்புகளையும் கழித்தார்கள். மீதி இருந்தவர்களில் பிஎம்ஐ 20 முதல் 25 வரை உள்ளவர்களிடம்தான் இறப்பு மிகக் குறைவு. 27.5-க்கும் 30-க்கும் நடுவில் 20 சதவீதம் கூடுதல். ஆனால் இவ்வளவு வடிகட்டிய பிறகும், 18.5-க்குக் கீழே இருந்தவர்களிடம் இறப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இந்த எண் என்னை இன்னும் உறுத்துகிறது. ஒல்லியாக இருப்பவரைப் பார்த்து யாரும் கவலைப்படுவதில்லையே!

பிஎம்ஐ கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டாது. வயதானவர் இளைத்தால் தசையும் சேர்ந்தே கரையும். பிறகு ஒருமுறை தடுக்கி விழுந்தாலும் எழுந்து நடமாடப் பெரும்பாடு.

முயற்சி எதுவும் இல்லாமல் 6 முதல் 12 மாதத்துக்குள் 5 சதவீதம் எடை குறைந்தால் மருத்துவரைப் பாருங்கள். 70 கிலோ உள்ளவருக்கு அது மூன்றரை கிலோ.

அந்தப் பெரியவர் 78 கிலோவிலிருந்து 69-க்கு வந்திருந்தார். பிஎம்ஐ 27-லிருந்து 24. அட்டவணையைப் பார்த்தால் கைகுலுக்கி அனுப்பியிருக்க வேண்டும். கையை நீட்டச் சொன்னேன், விரல்கள் நடுங்கின. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பது தெரிந்தது. மாத்திரை தொடங்கினோம். சில மாதம் கழித்து வந்தபோது, ஆணியால் குத்திய ஓட்டைகள் இரண்டும் சும்மா கிடந்தன.