உயுனியின் கண்ணாடித் தரை: எப்போது போனால் தெரியும்?

[காட்சி: மேகங்கள் தரையில் அப்படியே தெரிகின்றன, நடுவே ஒருவர் நடந்து போகிறார்]

வணக்கம். இது பொலிவியாவில் இருக்கும் உயுனி உப்புவெளி. 10,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,650 மீட்டர் உயரம். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஜூலையில் போய் இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஓர் இடத்தின் அழகு எதனால் உண்டாகிறது என்று தெரிந்தால்தான், எப்போது போகலாம் என்றும் தெரியும்.

[காட்சி: மேலிருந்து உப்புவெளி]

ஒரு காலத்தில் இங்கே பெரிய ஏரிகள் இருந்தன. அவை வற்றி, உப்பு மட்டும் தங்கிவிட்டது. ஒவ்வொரு மழையும் மேட்டிலுள்ள உப்பைக் கரைத்துப் பள்ளத்தில் படிய வைக்கிறது. அப்படியே மட்டமாகிப் போன தரையில், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான்! செயற்கைக்கோள்களின் உயரமானிகளைச் சரிபார்க்கவே விஞ்ஞானிகள் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை பெய்யும் மழைநீர் வடிய வழியில்லாமல் மெல்லிய படலமாக நிற்கும். காற்று அடங்கியிருந்தால், அதுதான் அந்தக் கண்ணாடி. நீர் கூடிவிட்டால் சில பகுதிகளுக்கு வண்டி போகாது.

[காட்சி: உப்பு வரப்புகள், மிக அருகில்]

மழை ஓய்ந்து காய்ந்ததும் தரை முழுக்க ஐந்து பக்கம், ஆறு பக்கம் என்று கட்டங்கள். குனிந்து பாருங்கள்: ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் உப்பு சின்ன வரப்பாக எழும்பி நிற்கும். எனக்குக் கண்ணாடியைவிட இதுதான் பிடிக்கும். ஒன்று மட்டும், இந்த உயரத்தில் மூச்சு வாங்கும். முதல் நாள் ஓய்வெடுங்கள்.

[காட்சி: நீல ஏரி, பின்னால் பனிமலைகள்]

அடுத்து, கனடாவின் மொரெய்ன் ஏரி. பனிப்பாறைகள் மலையை அரைத்து மாவாக்குகின்றன. அந்தத் துகள்கள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால்தான் இந்த நிறம். பனி உருகி மாவு வந்து சேரும் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை நிறம் நன்றாக ஏறியிருக்கும். 2023 முதல் சொந்தக் காரில் போக முடியாது. ஷட்டில் பேருந்துக்கு முன்பதிவு அவசியம்.

[காட்சி: அடுக்கடுக்கான ஏரிகள்]

குரோஷியாவின் பிளிட்விச்சேயில் 16 ஏரிகள். நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பாசியின் மேல் படிந்து கல்லாகிறது. அந்தக் கல்தான் ஏரிகளுக்கு அணை. அணைகள் இன்றும் வளர்வதால் அங்கே குளிக்கத் தடை. அருவிகள் நிறைந்து கொட்டுவதைப் பார்க்க ஆசையென்றால், கோடையைத் தவிர்த்து வசந்த காலத்தில் போங்கள்.