முழுப் பூசணிக்காயும் 260 நகல்களும்

[திரையில்: டைப் அடித்த ஒரு தாள்கட்டு]

1980 ஆகஸ்ட். பாதி லண்டன் விடுமுறையில இருக்கு. அந்த நேரம் பார்த்து பிரிட்டனோட சுகாதாரம், சமூகப் பாதுகாப்புத் துறை, ஏழை பணக்காரங்களுக்கு நடுவுல இருக்கிற உடல்நல இடைவெளி பத்தி ஒரு அறிக்கையை வெளியே விடுது. அழகா அச்சடிச்ச புத்தகம் இல்லைங்க. டைப் அடிச்சு நகல் எடுத்த தாள்கட்டு, மொத்தமே 260 பிரதி.

முன்னுரை எழுதினவர் அமைச்சர் பேட்ரிக் ஜென்கின். முன்னுரைன்னா நாலு நல்ல வார்த்தை இருக்கும்னு எதிர்பார்ப்போம். இவர் என்ன சொல்றார்னா, இதுல கேட்டிருக்கிறதைச் செய்ய வருஷத்துக்கு 200 கோடி பவுண்டுக்கு மேல ஆகும், நடக்கிற காரியம் இல்லை, இந்தப் பரிந்துரைகளை என்னால ஏத்துக்க முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு நாம சொல்வோமே, அதேதான்.

அப்படி என்னதான் இருந்துச்சு அதுல? அதைப் புரிஞ்சுக்க ஒரு 140 வருஷம் பின்னாடி போகணும்.

[திரையில்: 1842, மான்செஸ்டர், ஆலைப் புகை]

எட்வின் சாட்விக். வழக்கறிஞர், அரசு அதிகாரி, கொஞ்சம் பிடிவாதக்காரர். தொழிலாளர் வாழ்ற இடங்களோட சுகாதார நிலை பத்தி 1842ல ஒரு அறிக்கை கொடுக்கிறார். மான்செஸ்டர்ல வசதியான குடும்பங்கள்ல இறந்தவங்களோட சராசரி வயசு 38. கூலித் தொழிலாளர் குடும்பங்கள்ல 17. எல்லாரும் 17 வயசுல செத்தாங்கன்னு அர்த்தம் இல்லை. கைக்குழந்தைகள் அவ்வளவு பேர் செத்ததால சராசரி அப்படிக் கீழ விழுது.

அதே அட்டவணையில ரட்லண்ட்னு ஒரு கிராமப்புற மாவட்டம். அங்கே கூலித் தொழிலாளிக்கே 38. மான்செஸ்டர் கனவானும் ரட்லண்ட் கூலிக்காரரும் ஒரே வயசு! சாட்விக் இதைப் பிடிச்சுக்கிட்டார். பாருங்க, பிரச்சனை கூலி இல்லை, ஊர். அழுக்கு, சாக்கடை, நாத்தம். இதுதான் அவர் வாதம்.

இதுல ஒரு சங்கதி இருக்கு. ஏழைகளுக்கான உதவியை இறுக்கிப் பிடிச்ச 1834 சட்டத்தை உருவாக்கினதுல சாட்விக்குக்குப் பெரிய பங்கு. பசியால சாவு வருதுன்னு ஒத்துக்கிட்டா அது அவர் தலையிலேயே வந்து விடியும். 1839ல வில்லியம் ஃபார்ங்கிற புள்ளியியலாளர், நாட்டின் இறப்புக் கணக்கில் 63 பேரைப் 'பட்டினி'ன்னு பதிவு பண்ணார். சாட்விக் விடலை, அந்த வார்த்தையை எதிர்த்துச் சண்டைக்கே போனார். எத்தனை பேர் செத்தாங்கங்கிறதுல தகராறு இல்லை. எதனால செத்தாங்கன்னு எழுதுறதுலதான் தகராறு. இந்தத் தகராறை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் வரும்.

சாட்விக்கைச் சும்மா தள்ளிடவும் முடியாது. 1848ல பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துச்சு, குடிநீர், சாக்கடையெல்லாம் அரசோட வேலையாச்சு, அதனால உயிர்கள் பிழைச்சுது. லண்டனுக்கு ஒழுங்கான பாதாளச் சாக்கடை மட்டும் 1858 கோடையில தேம்ஸ் ஆத்து நாத்தம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்த பிறகுதான் வேகம் எடுத்துச்சு. மூக்கு யாருடையதுங்கிறதும் முக்கியம் போல.

[திரையில்: 1948 ஜூலை 5]

அனைவருக்கும் இலவச மருத்துவம். தேசிய சுகாதாரச் சேவை, அதாவது என்.எச்.எஸ். தொடங்கின நாள். டாக்டர்கிட்ட போகக் காசு வேணாம்னா ஏழை பணக்கார இடைவெளி தானா மூடிக்கும்னு நிறைய பேர் நம்பினாங்க. மூடலை. அதைக் கணக்குப் போட்டுக் காட்டினதுதான் அந்த 260 பிரதி அறிக்கை.

1977ல தொழிற்கட்சி அரசு அமைச்ச குழு அது, தலைவர் சர் டக்ளஸ் பிளாக். பிரிட்டன் அப்போ மக்களைத் தொழிலை வச்சு வகுப்பு வகுப்பாப் பிரிச்சுது. முதல் வகுப்புல டாக்டர், வக்கீல். ஐந்தாவதுல தேர்ச்சி தேவைப்படாத உடலுழைப்பு வேலை. ஐந்தாவது வகுப்புக்காரர் ஓய்வு பெறும் வயசுக்கு முன்னாடியே சாகிற வாய்ப்பு, முதல் வகுப்புக்காரரைவிட இரண்டரை மடங்கு.

ஏன்? கணக்கே தப்பா இருக்குமோ? நோயாளிங்கதான் வேலை இழந்து கீழ் வகுப்புக்கு வந்துட்டாங்களோ? சிகரெட், சாப்பாட்டுப் பழக்கமோ? குழு ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்குது. எல்லாத்துலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா பெரிய காரணம் வாழ்க்கை நிலைமைதான்னு முடிவுக்கு வருது. வீடு, வருமானம், வேலை. அதனால அவங்க கேட்டதுல ஆஸ்பத்திரியைவிட மத்ததுதான் அதிகம்: குழந்தைகளுக்கான உதவித்தொகை, பள்ளியில இலவச உணவு, நல்ல வீடு. ஆனா அறிக்கை வர்றதுக்குள்ள ஆட்சி மாறிடுச்சு. இதைக் கேட்டது யாரோட அரசுகிட்ட? 1971ல கல்வி அமைச்சரா இருந்து, ஏழு வயசு தாண்டின பிள்ளைங்களுக்குப் பள்ளியில கொடுத்த இலவசப் பாலை நிறுத்தின மார்கரெட் தாட்சரோட அரசுகிட்ட!

"பழக்கவழக்கம்தானே காரணம்?"னு இன்னமும் கேட்கிறவங்களுக்கு வைட்ஹால் ஆய்வைச் சொல்லணும். 1967ல தொடங்கினது. லண்டன்ல 17,000க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள், எல்லாரும் ஆண்கள். ஒருத்தரும் பட்டினி இல்லை, எல்லாருக்கும் நிரந்தர வேலை. ஆனா கடைநிலை ஊழியர்கள் இதய நோயால செத்தது, உச்சிப் பதவிக்காரர்களைப் போல மூணு மடங்குக்கும் மேல. நடுவுல இருக்கிறவங்களுக்கு நடுத்தரமா. ஏணி மாதிரி. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் பாதி வித்தியாசத்துக்குக்கூடக் காரணம் கிடைக்கலை.

[திரையில்: பெங்குவின் பதிப்பகப் புத்தக அட்டை, 1982]

பூசணிக்காய் மறையலை. பிளாக் அறிக்கை 1982ல புத்தகமா வந்து ஊரெல்லாம் படிச்சாங்க. ஆனா 90கள்ல அரசுத் தரப்புல ஒரு புது வார்த்தை புழங்குச்சு. 'ஏற்றத்தாழ்வு' இல்லையாம், 'வேறுபாடு'. ஏற்றத்தாழ்வுன்னா யாரோ பதில் சொல்லணும். வேறுபாடுன்னா மழை பெய்யுற மாதிரி, அது பாட்டுக்கு இருக்கும். ஃபார், சாட்விக் சண்டைதான், வேஷம் மட்டும் புதுசு.

இதே விஷயம் பத்தி 1998ல இன்னொரு அறிக்கை, 2010ல பொதுச் சுகாதார ஆய்வாளர் சர் மைக்கேல் மார்மட்டோட அறிக்கை. 2020 பிப்ரவரியில அவரே பத்து வருஷக் கணக்கைத் திரும்பப் பார்க்கிறார்: இங்கிலாந்தோட மிக ஏழைப் பகுதிகள்ல பெண்களோட ஆயுள் எதிர்பார்ப்பு கூடலை, குறைஞ்சிருக்கு.

அடுத்த மாசமே ஊரடங்கு. இங்கிலாந்துல ஏப்ரல் நடு வரைக்கும் கோவிட் சாவு, மிக வசதியான பகுதிகள்ல ஒரு லட்சம் பேருக்கு 25. மிக ஏழைப் பகுதிகள்ல 55. காரணம்னு எழுதின இடத்துல எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான்: கோவிட்.