யானையின் வால்

(மன்னார்குடிக்கு அருகே ஒரு கிளை நூலகத்தில், நூலக வார விழாவையொட்டிப் புதிய நூல்களை அறிமுகப்படுத்தி ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, புரவலர்களே, நூலகர் தம்பி, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கிற சின்ன வாசகர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'புதிய நூல்கள் அறிமுகம்' என்று பேனரில் போட்டிருக்கிறார்கள். பட்டியலை வாசித்துவிட்டு உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், டீயும் ஆறாது. ஆனால் புதுப் புத்தகத்தைப் பார்த்தாலே எனக்கு ஒரு பழைய தப்பு ஞாபகம் வரும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். வேறு ஊர். சணல் போட்டு இறுக்கிய மூன்று கட்டு வந்து இறங்கியது. சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, முத்திரை குத்தி, தேதித்தாள் ஒட்டாமல் ஒரு புத்தகமும் வெளியே போகக் கூடாது. விதி அப்படி. தணிக்கை வருகிறது, ஆள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கட்டுகளை மேசைக்கடியில் தள்ளிவிட்டேன். ஏழு வயசுப் பாப்பா ஒன்று தினமும் சாயங்காலம் வரும். கட்டின் ஓரம் கிழிந்து, ஒரு அட்டையில் யானையின் வால் மட்டும் வெளியே தெரியும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சார், இது எப்ப?" என்று கேட்கும். "அடுத்த வாரம் பாப்பா." நாலு மாசம் அடுத்த வாரம் என்றே சொன்னேன். கடைசியில் பிரித்து, முதல் ஆளாக அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டினாள். "எழுத்து ரொம்பக் கொஞ்சம் சார்" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நாலு மாசத்தில் அவள் எழுத்துக்கூட்டுவதைத் தாண்டிக் கடகடவென்று படிக்கத் தொடங்கியிருந்தாள். யானை அப்படியேதான் இருந்தது.

பெரியவர்களுக்கு ஒரு நாவல் ஆறு மாசம் தாமதமாக வந்தால் ஒன்றும் குடிமுழுகாது. குழந்தைக்கு அப்படி இல்லை. சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான ரங்கநாதன், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளைப் புத்தகமாக எழுதினார். அதில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. பரீட்சைக்கு எழுதிய காலத்தில், தேடுகிற புத்தகம் சட்டென்று கைக்குக் கிடைக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் எழுதி மார்க் வாங்கினேன். வேறொரு பொருளை அந்தப் பாப்பா சொல்லிக்கொடுத்தாள். அதே 1931இல்தான் கனகசபைப் பிள்ளை என்கிற ஓய்வுபெற்ற இன்ஜினியர், இங்கே மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். ஆள் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வண்டி கட்டினார். நான் கட்டைப் பிரிக்கவே நாலு மாசம் எடுத்துக்கொண்டேன்.

சரி, மேசைக்கு வருவோம். சின்னப் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள் நிறைய வந்திருக்கின்றன, எழுத்தே இல்லாத இரண்டு உட்பட. இவற்றில் ஒரு சங்கடம் உண்டு. பதினாறு பக்கம், நடுவில் இரண்டு பின். முதுகே கிடையாது. அலமாரியில் செருகினால் போன இடம் தெரியாது. அதனால் தம்பியிடம் சொல்லி, சன்னலிலிருந்து தூண்வரை நைலான் கொடி கட்டி, துணி கிளிப் போட்டு மாட்டச் சொல்லியிருக்கிறேன். பாயில் இருக்கிறவர்களுக்கு எட்டுகிற உயரம்தான். பள்ளிக்கூடத்து வாசிப்பு இயக்கத்தில் 'நுழை, நட, ஓடு, பற' என்று நாலு படி வைத்தார்களே, அரசாங்கம் வைத்த பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது அது. கொடியில் தொங்குவதெல்லாம் 'நுழை'.

இனி, நான் நிறையப் பேச நினைத்த இடம். பன்னிரண்டு முதல் பதினாறு. 'பற' முடித்த பிள்ளை எங்கே போய் உட்காரும்? இரண்டு மாசமாக இந்த வாசலில் ஒரு பையனைப் பார்க்கிறேன். குழந்தைகள் பகுதியில் நிற்க வெட்கம், பெரியவர்கள் பகுதியில் நிற்கப் பயம். செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போய்விடுவான். அம்புலிமாமா இன்று கடையில் இல்லை. 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து வந்தபோது டவுசர் போட்ட பையன்கள்தான் அடித்துப்பிடித்து வாங்கினார்கள். இன்றும் சந்தாக் கட்டி வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அதே பையன்கள்தான், தலை நரைத்திருக்கிறது. (கை தூக்க வேண்டாம் அண்ணாச்சி, தெரிகிறது.)

இந்த வயசுக்கென்று எழுதப்படுகிற தமிழ்ப் புத்தகங்களில் பல, கடைசிப் பக்கத்தில் புத்திமதி சொல்லி முடியும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுகிறார்கள். இந்த முறை தேர்வுக் குழுவில் நான் ஒரே ஒரு பிடிவாதம் பிடித்தேன். கடைசிப் பக்கத்தில் வாத்தியார் நிற்கிற புத்தகம் வேண்டாம் என்றேன். அதனால் கால்பந்து, வானியல், பேய், சித்திரக் கதை, மலையாளத்திலிருந்து வந்த ஒரு துப்பறியும் நாவல் என்று கலவையாக இருக்கிறது. பேய்க் கதைக்கு ஒருவர் முகம் சுளித்தார். இருக்கட்டும்.

உடம்பில் வருகிற மாற்றத்தைப் பற்றி, பூப்பு பற்றி, பெண் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆண் பிள்ளைகளுக்கு ஒன்றும் இருக்கின்றன. அவை கவுன்ட்டருக்குப் பக்கத்தில் இல்லை, உள்ளே அறிவியல் தட்டின் கோடியில் இருக்கின்றன. யாரையும் கேட்காமல் எடுத்து, அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒரு புத்தகத்தை யாரோ செய்தித்தாளில் அட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த அட்டையை நான் கழற்றவில்லை. அப்புறம்தான் அது ஓடியது.

பெரியவர்களுக்கு வழக்கம்போல நாவல், கட்டுரை, சித்த மருத்துவம், வேளாண்மை. மாடியில் இருக்கிற குரூப் 4 தம்பி தங்கைகளுக்குப் புது கைடுகள் வந்திருக்கின்றன, கோடு போடாமல் படியுங்கள். தாத்தாக்களுக்கு ஒரு நல்ல செய்தி: பெரிய எழுத்தில் அச்சான புத்தகங்களை வலப்பக்கம் தனியாக வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. இதெல்லாம் யாரோ போட்ட தானம் என்று நினைக்காதீர்கள். சுதந்திர இந்தியாவிலேயே முதலில், 1948இல், பொது நூலகச் சட்டம் வந்தது நம் மாகாணத்தில். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி என்று தனியாக இருக்கும். புரவலர்கள் கொடுத்தது அதற்கு மேலே. காசு கட்டியவர்கள் கேட்கலாம். வேண்டிய புத்தகத்தை எழுதிவைக்க வாசலில் ஒரு நோட்டு இருக்கிறது. போன மாசம் அதில் பென்சிலில் "டைனோசர், நிஜமானது" என்று ஒருவர் எழுதியிருந்தார். கொடியில் மூன்றாவதாகத் தொங்குகிறது பாருங்கள்.

பேச்சு போதும். இந்த மேசைக்கடியில் இன்னும் ஒரு கட்டு இருக்கிறது. காலையில்தான் வந்தது. பதிவேட்டையும் முத்திரையையும் நூலகர் தம்பி இங்கேயே கொண்டுவந்து வைத்திருக்கிறார். எண்ணை நான் சொல்கிறேன், அவர் எழுதட்டும், முத்திரை குத்த முன்வரிசையிலிருந்து இரண்டு பேர் வாருங்கள். கத்தரிக்கோல் யாரிடம் இருக்கிறது?