சிக்னல் நிற்கும் இடம் தோட்டத்துக்கே தெரிந்திருக்கட்டும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

மலையகத்தில் கைத்தொலைபேசித் தொடர்பு பற்றிப் பேசுமாறு நிலையத்தார் அழைத்தபோது, தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் குளவி கொட்டும் நேரம்தான். கூடு கலைந்த சில நிமிடங்களுக்குள் பலர் கொட்டுக்கு ஆளாகிவிடுவார்கள். அவர்களில் ஒருவருக்கு மூச்சு முட்டத் தொடங்கினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்ப்பதில் ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்க முடியாது. அந்த வேளையில் வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் கையில் தொலைபேசி இருக்கும், அதில் காசும் இருக்கும், ஆனால் திரையின் மூலையில் ஒரு கோடுகூட இருக்காது. யாராவது ஓர் இளைஞன் தொலைபேசியை வாங்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுவான். எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறதா என்பதில்தான் காரியம் தங்கியிருக்கிறது. சிக்னல் இல்லையே என்று ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே நொந்துகொண்டிருக்கும்வரை இந்தச் சிரமம் தீராது. குடிதண்ணீரைப் போல அதையும் தோட்டத்தின் பொதுக் காரியமாக எடுத்துக்கொண்டால், புதிய கோபுரம் வருமுன்னரே அதன் ஒரு பகுதியை நாமே குறைத்துக்கொள்ள முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவை 1989ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆயினும் ஹட்டன் நகரில் எல்லாக் கோடுகளையும் காட்டுகின்ற தொலைபேசி, மஸ்கெலியாப் பக்கமோ பொகவந்தலாவைப் பக்கமோ ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ஊமையாகிவிடுவதை இன்றும் காண்கிறோம். இதற்கு அலைகளின் இயல்பும் ஒரு காரணம். 900 மெகாஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் செல்லும் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர். 2100 மெகாஹேர்ட்ஸில் அது 14 சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடும். நீண்ட அலை ஒரு மேட்டின் விளிம்பில் சற்று வளைந்து மறுபுறத்தையும் ஓரளவு தொடும். குறுகிய அலையோ பெரும்பாலும் நேர்கோட்டிலேயே போகும். மலையே குறுக்கே நின்றால் இரண்டும் தோற்றுவிடும். ஆகவேதான் ஒரே தோட்டத்தில் மேற்கணக்குக்கு, அதாவது மேற்பிரிவுக்கு, கிடைக்கும் தொடர்பு கீழ்க்கணக்குக்குக் கிடைப்பதில்லை. கோபுரம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைவிட, நாம் நிற்கும் இடத்துக்கு அது தெரிகிறதா என்பதே முக்கியமாகிறது.

மலைக்கு அடுத்ததாக நம் தலைக்கு மேலே ஒரு தடை இருக்கிறது. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் தகரக் கூரை வானொலி அலையை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடுகிறது. தடித்த கருங்கற் சுவர் எஞ்சியதையும் மெலியச் செய்கிறது. அறைக்குள் இருக்கும்போது வராத அழைப்பு முன் திண்ணையான இஸ்தோப்புக்கு வந்ததும் வருவதன் காரணம் இதுதான். ஜன்னலோரத்தில், கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய பக்கத்தில், தொலைபேசிக்கென ஒரு சிறு பலகை அடித்துவிட்டால், வீட்டில் எல்லோரும் அதை அங்கேயே வைக்கப் பழகிவிடுவார்கள். பிள்ளைகளின் படிப்புக்கு இணையம் தேவைப்படும்போது, அந்தப் பலகையில் உள்ள தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டைத் திறந்துவிட்டு, மழையிலும் பனியிலும் வெளியே நிற்காமல் உள்ளே இருந்து இன்னொரு தொலைபேசியில் படிக்கலாம். 2021இல் பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்து மாணவர்கள் இணையவழிப் பாடத்துக்காகக் காட்டுவழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறிய செய்தியை உலகமே பார்த்தது. அத்தகைய ஏற்றம் எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது. சிக்னல் அறவே இல்லாத இடத்தில் தொலைபேசி கோபுரத்தைத் தேடித் தேடியே பெட்டரியை இறக்கிவிடும் என்பதால், அத்தகைய மலையில் வேலை செய்வோர் அதை விமானப் பயன்முறையில் வைத்து, தேவையானபோது மட்டும் திறப்பது நல்லது.

இனி, தோட்டமாகச் சேர்ந்து செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கைந்து இளைஞர்கள் வெவ்வேறு நிறுவனங்களின் சிம்களுடன் தோட்டத்தைச் சுற்றி வரட்டும். லயத்து வாசல், காலையில் பேர் பதியும் பிரட்டுக் களம், குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக் காம்பரா, தொழிற்சாலை, இலக்கமிட்ட தேயிலை நிலமான ஒவ்வொரு நம்பர் மலை என்று நின்று, எங்கே எந்த சிம்முக்கு அழைப்புப் போகிறது என்பதை எழுதட்டும். திரையில் ‘அவசர அழைப்பு மட்டும்’ என்று தெரிந்தால், நமது நிறுவனத்தின் அலை அங்கே இல்லாவிட்டாலும் வேறொரு நிறுவனத்தின் அலை அங்கே எட்டுகிறது என்று கொள்ளலாம். அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாளின் பிரதி கங்காணிமாரிடமும் தோட்ட வைத்திய நிலையத்திலும் பாடசாலையிலும் இருக்கட்டும். ஒரு கணக்கில் எல்லோரும் ஒரே நிறுவனத்தின் சிம்மை வைத்திருப்பதை நான் ஆபத்தான பழக்கமாகவே கருதுகிறேன்.

மேட்டுக்கு ஓடுகிறவர் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைக்கும்போது, நாம் நாள்தோறும் வழங்கும் தோட்டப் பெயர் அவர்களுக்கு விளங்காமற் போகலாம். நமது தோட்டங்கள் பலவற்றுக்குப் பதிவில் ஒரு பெயரும் நம் வாயில் இன்னொரு பெயரும் உண்டு. பதிவுப் பெயர், கணக்கு, அருகிலுள்ள நகரம், வாகனம் வந்து நிற்கக்கூடிய பாதைமுகப்பு ஆகிய நான்கையும் ஒரு சிறு அட்டையில் எழுதித் தொலைபேசியின் உறைக்குள் வைத்தால், பதற்றத்திலும் வாய் தடுமாறாது. அழைத்தவர் உடனே கீழே ஓடிவந்துவிடக்கூடாது. திருப்பி அழைப்பார்கள், ஆகவே சிக்னல் உள்ள இடத்திலேயே அவர் நிற்க வேண்டும்.

அழைப்பு எடுபடாத இடத்தில் குறுஞ்செய்தி பல வேளைகளில் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குக் கணநேரத் தொடர்பு போதும்; பெறுகிறவரின் தொலைபேசி அப்போது தொடர்பில் இல்லாவிட்டாலும் செய்தி தொலைபேசி நிறுவனத்தின் நிலையத்தில் காத்திருந்து பின்னர் போகும். ஆனால் தமிழில் எழுதும்போது ஒரு குறுஞ்செய்தியில் 70 இடங்களே உண்டு. ‘கொழுந்து’ என்பது நமக்கு நான்கு எழுத்து. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தொலைபேசி தனித்தனியாக எண்ணுவதால் அதற்கு எட்டு இடங்கள் போய்விடும். எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து செல்லும். மெலிந்த சிக்னலில் ஒரு துண்டு தவறினாலும் முழுச் செய்தியும் ஒழுங்காகத் தெரியாது. ஆகவே நலம் விசாரிப்பதை விட்டு, “மேக்கணக்கு 7ஆம் நம்பர் மலை குளவி 4 பேர் லொறி வேண்டும்” என்று எழுதினால் போதும். அது ஒரே செய்திக்குள் அடங்கிவிடும்.

மழைக்காலத்தைப் பற்றி நான் மிகுந்த கவலையோடு பேசுகிறேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மலையகத்தைத் தாக்கியபோது பல பிரதேசங்களில் மின்சாரத்தோடு தொலைபேசித் தொடர்பும் அறுந்துபோனது. கோபுரமும் மின்சாரத்தில் இயங்குவதுதான். மாற்றுப் பெட்டரி தீர்ந்ததும் அது நின்றுவிடும். அப்போது தொலைபேசியில் எச்சரிக்கை வரும் என்று காத்திருக்கலாகாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்ற மழை அளவுகளை மண்சரிவு எச்சரிக்கையின் மூன்று படிகளுக்கு அடிப்படையாகக் கொள்கிறது. மூன்றாவது படியில் இடம்பெயர வேண்டும். மழைமானி உள்ள தோட்டங்களில் அந்த அளவை லயத்தாருக்குச் சத்தமிட்டுச் சொல்ல ஒருவரை நியமிப்பதும், 150க்குக் காத்திராமல், நிலத்தில் வெடிப்பு விழுந்தாலோ ஊற்று நீர் திடீரெனக் கலங்கினாலோ வெளியேறுவதும் எந்த சிக்னலும் இன்றிச் செய்யக்கூடியவை. பெட்டரியில் இயங்கும் ஒரு சிறிய வானொலி லயத்துக்கு ஒன்றாவது இருக்கட்டும்.

கடைகளில் விற்கப்படும் சிக்னல் பெருக்கிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி அலையை வெளிவிடும் கருவிக்கு அனுமதி தேவை. தரமற்ற பெருக்கி ஒரு வீட்டுக்கு உதவி, அயல் வீடுகளின் தொடர்பைக் குழப்பிவிடவும் கூடும்.

நாமே செய்துகொள்ளும் இந்த ஏற்பாடுகளைக் காட்டி, சேவை வழங்க வேண்டியவர்கள் தம் கடமையிலிருந்து விலகிக்கொள்ள இடமளிக்கக் கூடாது. நகரத்தவர் செலுத்தும் அதே கட்டணத்தையே நாமும் செலுத்துகிறோம். “எங்களுக்கு சிக்னல் இல்லை” என்ற ஒற்றை வரி முறைப்பாட்டை எளிதில் ஒதுக்கிவிடுவார்கள். எந்தக் கணக்கு, எத்தனை குடும்பங்கள், எந்த நிறுவனத்தின் சிம், எந்தத் திகதி, எத்தனை மணிக்கு அழைப்பு எடுபடவில்லை என்ற விபரங்களோடு, இளைஞர்கள் தயாரித்த அந்தத் தாளையும் இணைத்து, எல்லோரும் கையொப்பமிட்டு நிறுவனத்துக்கும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும், பிரதேச செயலாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உச்சியில் உயரமான கோபுரம் ஒன்று என்று மட்டும் கேட்காமல், கீழ்க்கணக்கை நேரே பார்க்கும் எதிர்ச்சரிவில் ஒரு சிறு கோபுரம் வேண்டும் என்று இடத்தைச் சுட்டியே கேளுங்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.