காவலர் தேர்வும் காது கொடுத்துக் கேட்கும் வேலையும்

நேயர்களுக்கு வணக்கம்.

காவலர் பயிற்சிப் பள்ளியில் பல ஆண்டுகள் சட்டப் பாடம் நடத்தியவன் நான். காவலர் வேலையைப் பற்றியும் அந்த வேலைக்கு நாம் ஆள் எடுக்கிற விதத்தைப் பற்றியும் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் 'பி.சி. எக்ஸாம்', அதாவது காவலர் தேர்வு எழுதத் தயாராகிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளும் இருப்பீர்கள். இந்த உரை முதலில் உங்களுக்குத்தான். உங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுப்பவர்களும் கேட்டால் இன்னும் நல்லது.

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர்களைத் தேர்வு செய்வது, 1991-இல் அமைக்கப்பட்ட சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 2023-ஆம் ஆண்டு அறிவிப்பில் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் எல்லாம் சேர்த்து 3,359 இடங்கள். அதற்கு விண்ணப்பித்தவர்கள் லட்சக்கணக்கில். முதலில் தமிழ்த் தகுதித் தேர்வில் தேற வேண்டும். அடுத்து 70 மதிப்பெண்ணுக்கு எழுத்துத் தேர்வு. அதைத் தாண்டினால் கிரவுண்டு, அதாவது மைதானத்தில் நடக்கும் உடல் தேர்வு. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்கு 167. பெண்களுக்கு 159, 157. ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் ஓடி முடிக்க வேண்டும். கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் போன்ற உடல்திறன் போட்டிகளுக்கு 24 மதிப்பெண். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. மொத்தம் நூறு.

இந்த நூறில் ஒரு மதிப்பெண்கூட, எதிரில் இருக்கும் மனிதர் சொல்வதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறமைக்கு இல்லை. எழுத்துத் தேர்வில் 25 மதிப்பெண்ணுக்கு உளவியல் என்று ஒரு பகுதி உண்டு. அதுவும் நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் வேலைதான். எஸ்.ஐ. தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறது. கான்ஸ்டபிளுக்கு அதுவும் கிடையாது. ஒருவர் தேர்வாகிச் சீருடை போடும்வரை, அவரை உட்கார வைத்து யாரும் பத்து நிமிடம் பேசிப் பார்ப்பதில்லை.

இதற்கு நியாயமான ஒரு காரணம் உண்டு. நேர்முகத் தேர்வு வைத்தால் சிபாரிசு நுழையும், பணம் நுழையும். கூலி வேலை செய்பவரின் மகன் ஏழு நிமிடத்தில் ஓடி முடித்தால் கடிகாரத்தை யாராலும் மாற்ற முடியாது. எத்தனையோ வீடுகளில் முதல் அரசு வேலை இந்தக் கடிகாரத்தால் வந்தது. அந்த நேர்மையை விட்டுக்கொடுக்க நான் சொல்ல மாட்டேன். ஆனால் அளக்க எளிதானதை மட்டும் அளந்துவிட்டு, வேலைக்கு உயிரானதை அளக்காமலே விட்டுவிடுகிறோம். அந்தக் குறை பயிற்சியிலாவது நிரம்ப வேண்டும். அங்கேயும் நிரம்புவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஸ்டேஷனில் ஒரு கான்ஸ்டபிளின் நாள் எப்படிப் போகிறது? ரோல் காலில் டியூட்டி பிரிப்பார்கள். ஒருவருக்குப் பாரா, அதாவது வாசலில் காவல். ஒருவர் ஸ்டேஷன் பதிவேடுகளை எழுதும் ரைட்டருக்கு உதவி. ஒருவர் கோர்ட் டியூட்டி. ஒருவர் சம்மன் கொடுக்கப் போவார், இன்னொருவர் பாஸ்போர்ட் விசாரணைக்கு. திருவண்ணாமலை தீபமோ தலைவர்கள் வருகையோ வந்துவிட்டால் பாதி ஸ்டேஷன் பந்தோபஸ்துக்குக் கிளம்பிவிடும். இரவில் ரோந்து. ரோந்து வந்ததற்கு அடையாளமாகப் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட காலம் போய், இப்போது பல இடங்களில் செல்போனிலேயே பதிவாகிறது. திருடனைத் துரத்தி ஓடுவது இதில் எப்போதாவது ஒரு நாள் நடக்கும். பேசுவதும் கேட்பதும் எழுதுவதும் அன்றாடம்.

யாரும் அதிகம் பேசாத ஒரு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாலை விபத்திலோ தற்கொலையிலோ ஒருவர் இறந்தால், உடலோடு அரசு மருத்துவமனைக்குப் போவது பெரும்பாலும் ஒரு கான்ஸ்டபிள்தான். பிணவறை வாசலில் பிரேதப் பரிசோதனை முடியும்வரை அவர் நிற்க வேண்டும். அதற்குள் உறவினர்கள் வந்துவிடுவார்கள். "எப்ப கிடைக்கும் சார்?" என்று நூறு முறை கேட்பார்கள். யாரோ ஒருவர் சட்டையைப் பிடிப்பார். ஒரு தாய் காலில் விழுவார். சில நேரங்களில் இறந்த செய்தியையே அந்தக் காவலர்தான் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். கதவைத் திறக்கும் பெண்ணிடம் முதல் வாக்கியம் என்ன சொல்வது? இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு இதை யார் கற்றுக்கொடுத்தார்கள்? கவாத்து மைதானத்தில் இதற்குப் பாடம் இல்லை. நல்ல ஏட்டு ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்வான். இல்லையென்றால் மனத்தை மரத்துப் போக வைத்துக்கொள்வதுதான் தப்பிக்கும் வழி என்று தானே முடிவு செய்துகொள்வான். பல வருடம் கழித்து அவனிடம் புகார் கொடுக்க வருபவர், "இவர் ஏன் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்" என்று நினைப்பார். அந்த முகம் ஒரே நாளில் வந்ததல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவும், அதற்கு முன்பிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-ஆவது பிரிவும் ஒன்றையே வலியுறுத்துகின்றன. வாய்மொழியாகச் சொல்லும் புகாரை எழுத வேண்டும். எழுதியதைப் புகார்தாரருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவர் கையெழுத்திட வேண்டும். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். 'படித்துக் காட்டு' என்று சட்டமே சொல்வதற்குக் காரணம், சொன்னவர் சொன்னது வேறாகவும் எழுதுபவர் எழுதியது வேறாகவும் இருக்கக்கூடும் என்பது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு அந்த ஒரு வரிதான் பாதுகாப்பு. வகுப்பில் நான் அதிகம் நின்று நடத்திய பகுதியும் இதுதான்.

நம் காவல்துறை ஏன் இப்படி அமைந்தது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சென்னை மாகாணத்தில் வரி வசூலும் காவலும் ஒரே தாசில்தார் ஆட்களின் கையில் இருந்தன. வரி கட்டாதவர்களைக் கிட்டி போட்டு விரல்களை நசுக்கினார்கள், உடலை வளைத்து அண்ணாந்தாள் கட்டி வெயிலில் வைத்தார்கள். இதை விசாரித்த சித்திரவதைக் குழு 1855-இல் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகுதான் வருவாய்த் துறையிலிருந்து காவலைப் பிரித்து 1859-இல் சென்னைக் காவல் சட்டம் வந்தது. சித்திரவதையை நிறுத்தப் பிறந்த படை என்றே நம் காவல்துறையைச் சொல்லலாம். ஆனால் அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி, 1829-இல் லண்டனில் தொடங்கிய, ஆயுதம் இல்லாமல் தெருவில் நடந்து ரோந்து போன காவல் அல்ல. அயர்லாந்தை அடக்கி வைக்க உருவான, துப்பாக்கி ஏந்தி முகாம்களில் வாழ்ந்த படைதான் மாதிரி ஆனது. 1861-இல் வந்த இந்தியக் காவல் சட்டமும் அதே வழியில் போனது.

அந்த முகாம் இன்னும் நம்மை விடவில்லை. இன்றும் ஏழு மாதப் பயிற்சியில் ஸ்டேஷனில் செய்முறை அனுபவம் ஒரு மாதம்தான். அது முடிந்ததும் புதிய காவலர் நேராக ஸ்டேஷனுக்குப் போவதில்லை. சிறப்புக் காவல் படையின் பட்டாலியனுக்கோ மாவட்ட ஆயுதப்படைக்கோ போகிறார். சில ஆண்டுகள் அங்கே கழித்த பிறகுதான் தாலுகாவுக்கு, அதாவது உள்ளூர் ஸ்டேஷனுக்கு வருகிறார். இளமையின் சுறுசுறுப்பான ஆண்டுகளில் அவர் பொதுமக்களைச் சந்தித்ததெல்லாம் கூட்டமாகத்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் தள்ள வேண்டிய கூட்டம், கலைக்க வேண்டிய கூட்டம். தனி மனிதராக ஒருவர் மனுவோடு முன்னால் வந்து நிற்கும்போது, காவலருக்குள் இருக்கும் பழக்கம் வேறு.

அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் எட்டு ஊர்களின் காவல்துறைகளை ஆராய்ந்து 1968-இல் மூன்று பாணிகளைப் பிரித்துக் காட்டினார். சின்னத் தகராறுகளைச் சட்டத்துக்குக் கொண்டுபோகாமல் அமைதியை மட்டும் பார்த்துக்கொள்வது ஒன்று. எல்லாவற்றுக்கும் கேஸ் போடுவது இரண்டாவது. குறையைக் கேட்டு உதவுவது மூன்றாவது. நம் ஊரில் இவற்றை ஒரே ஸ்டேஷனில், ஒரே நாளில் பார்க்கலாம். முதல் பாணி இங்கே எளிதாகக் கட்டப்பஞ்சாயத்தாக மாறிவிடும் என்பது எனக்குப் பெரிய கவலை. வரப்புத் தகராறை இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி முடிப்பது நல்லதுதான். அதே பழக்கத்தில் ஒரு பெண்ணை அடித்த வழக்கையும், சாதி சொல்லித் திட்டிய வழக்கையும் 'பேசி' அனுப்பினால் அது அநீதி. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது இதனால்தான். எந்தத் தகராறில் பேச வேண்டும், எதில் கேஸ் போட வேண்டும் என்று பிரித்தறிய முதலில் முழுதாகக் கேட்க வேண்டும். அரைகுறையாகக் கேட்பவருக்கு மூன்று பாணியிலும் தவறு நேரும்.

தமிழ்நாட்டில் இந்தத் திசையில் நல்ல அடிகள் எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. 1973-இல் ஒரு சிறு குழுவாகப் பெண்கள் காவல்துறைக்குள் வந்தார்கள். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது. வீட்டுக்குள் நடப்பதை ஆண் காவலரிடம் சொல்லக் கூசிய பெண்கள் அங்கே வாய் திறந்தார்கள். ஆண், பெண் என்ற இரண்டு கட்டம் மட்டுமே இருந்த படிவத்தால் விண்ணப்பம் மறுக்கப்பட்ட பிரித்திகா யாஷினி, உயர் நீதிமன்றம் வரை சென்று 2015-இல் தீர்ப்பு வாங்கி, 2017-இல் எஸ்.ஐ.யாகப் பணியில் சேர்ந்தார். யாரைப் படைக்குள் எடுக்கிறோமோ, அவர்களைப் போன்றவர்கள் ஸ்டேஷன் படியேறத் துணிகிறார்கள்.

சாத்தான்குளத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனம் வராது. 2020 ஜூனில் ஒரு தந்தையும் மகனும் ஸ்டேஷனில் தாக்கப்பட்டு, சிறைக்கு அனுப்பப்பட்ட சில நாட்களில் இறந்தார்கள். அதே ஸ்டேஷனில் அந்த இரவு பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், தான் கண்டதை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். உடன் வேலை செய்பவர்களுக்கு எதிராகவே சொன்னார். அவருக்குப் பயிற்சிப் பள்ளிகளில் ஒரு பாடம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜப்பானைக் கொஞ்சம் பாருங்கள். அங்கே பள்ளிப் படிப்போடு காவலில் சேருபவருக்குப் பயிற்சிப் பள்ளியில் பத்து மாதம், பட்டதாரிக்கு ஆறு மாதம். வெளியே வந்ததும் முதல் பணியிடம் கோபன் என்ற தெருமுனைக் காவல் சாவடி. வழி கேட்பவர், பர்ஸைத் தொலைத்தவர், தனியாக வாழும் முதியவர் என்று தனித்தனி மனிதர்களோடுதான் அவர் வேலை தொடங்குகிறது. வீடு வீடாகச் சென்று நலம் விசாரிப்பதும் அவர் கடமை. ஜப்பானிலும் நீண்ட நாள் காவலில் வைத்து வாக்குமூலம் வாங்குவது பற்றிக் கடுமையான விமர்சனம் உண்டு. எல்லாவற்றையும் அங்கிருந்து எடுக்கச் சொல்லவில்லை. முதல் பணியிடம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. ஒரு மாத ஸ்டேஷன் பயிற்சியை மூன்று மாதமாக்குங்கள். அதில் ஒரு மாதம் வரவேற்பு மேசையில் இருக்கட்டும். பயிற்சிக் காவலர் புகாரைக் கேட்டு எழுத வேண்டும், வந்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். "நீங்கள் சொன்னது இதுதானா?" என்ற கேள்விக்கு வந்தவர் தரும் பதிலை வேறொரு அதிகாரி குறித்துக்கொண்டு மதிப்பெண் போடட்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகு நடப்பதால் இதில் சிபாரிசுக்கு இடம் குறைவு. பட்டாலியன் காலத்திலும் ஆண்டுக்குச் சில வாரம் ஸ்டேஷனுக்கு அனுப்புங்கள். காவலர்களுக்கு வார விடுமுறை என்று 2021-இல் அரசு ஆணையிட்டது. அந்த ஒரு நாளைப் பந்தோபஸ்து விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் இல்லாதவரால் யாருடைய துயரத்தையும் பொறுமையாகக் கேட்க முடியாது.

தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளே, ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள், அது வேண்டும். கூடவே ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவில் நிலத் தகராறோ குடும்பத் தகராறோ கண்ட ஒரு பெரியவரிடம் போய் உட்காருங்கள். குறுக்கே பேசாமல் அவர் சொல்வதைக் கேளுங்கள். தேதி, இடம், யார் யார் இருந்தார்கள் என்று கேட்டு ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுங்கள். "அப்படி இல்லப்பா" என்று அவர் எங்கே நிறுத்துகிறாரோ, அங்கே திருத்தி மறுபடி படியுங்கள். தமிழ்த் தகுதித் தேர்வுக்கும் அது நல்ல பயிற்சி.

நன்றி, வணக்கம்.